அவர் கட்டிய ஆமைத்தொட்டி

ஆமைகள் எங்கள் வீட்டுக்கு வந்த வாரம் என் மாமியார் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. திருச்சுழிக்கு அந்தப்பக்கம் உள்ள ஊரிலிருந்து பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்கு வந்தவர், செருப்பைக் கழற்றாமல் வாசலுக்கு வெளியே நின்றபடியே மகனோடு பேசினார். கொண்டுவந்த கம்பு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டார்.

"அது வீட்டுக்குள்ள வரக்கூடாத சீவன்டா. ஒங்கய்யா இருந்தா விட்டிருப்பாரா?"

"வீட்டுக்குள்ள எங்கம்மா வந்துச்சு? கொல்லையிலதான இருக்கு," என்றார் என் கணவர்.

"கொல்லை என்ன, அடுத்தவன் வீடா?"

அவர் சிரித்தார். அம்மா பேசும்போதெல்லாம் அவர் அப்படித்தான் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே மாமியார் இன்னும் கொஞ்சம் திட்டுவார்.

உண்மையில் அந்த ஆமைகள் முதல் இரண்டு நாள் வீட்டுக்குள்தான் இருந்தன. ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள், தோழியின் குடும்பத்தோடு மதுரைக்குப் போனபோது ஒரு மீன் கடையில் வாங்கிவந்தவை. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, பச்சையாக, கண்ணுக்குப் பின்னால் சிவப்புத் தீற்றலோடு இரண்டு. கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு ஃபிரிட்ஜின் மேல் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் கொல்லைக்கு மாற்றினோம். இதற்கு மேல் வளராது என்று கடைக்காரர் சொன்னாராம். ஒரு வருஷத்தில் அவை உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டன. அதன் பிறகும் நிற்கவில்லை.

என் கணவர் ஜேசிபி ஓட்டுபவர். பெரும்பாலும் சீமைக்கருவேல் பிடுங்குகிற வேலை. இந்தப் பக்கத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. தரிசாகப் போட்ட நிலத்தில் முள் ஏறி நிற்கும், திடீரென்று யாருக்காவது விதைக்கத் தோன்றும், இவரைக் கூப்பிடுவார்கள். பகல் முழுக்க அந்த இரைச்சலில் உட்கார்ந்துவிட்டு வருவதால் வீட்டுக்கு வந்ததும் சத்தமாகத்தான் பேசுவார். டிவியை மட்டும் போடவிடமாட்டார்.

கிணற்றுக்குள் இறக்குவதற்கென்று செய்து, விளிம்பு உடைந்துபோனதால் யாரோ வேண்டாமென்று போட்டிருந்த ஒரு சிமெண்ட் உறையை அவர்தான் கொண்டுவந்தார். முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் பாதி ஆழத்துக்கு மண்ணில் இறக்கி, அடியில் சிமெண்ட் பூசி, ஒரு பக்கம் சரிவாகக் கல் அடுக்கினார். ஆமை வெயில் காய ஏறிவர வேண்டுமாம். சுற்றிலும் ஹாலோ பிளாக் இரண்டு வரிசை. பூனை வராமலிருக்கக் கம்பி வலை. மேலே பாதிக்குப் பச்சை நெட். எங்கள் சமையலறைகூட இவ்வளவு யோசித்துக் கட்டப்பட்டதில்லை என்று நான் சொன்னேன்.

"சமையலறையில இருக்கிறவ வாய் பேசுவா. எது கொறையின்னு சொல்லிருவா. இதுக யாருட்ட சொல்லும்?"

சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, காலியான பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஆமைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். வேலை முடிந்து நான் வரும்போது அவர் அங்கேதான் இருப்பார். அப்படி என்னதான் இருக்கிறது பார்ப்பதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணுமே பண்ணமாட்டேங்குது பாரு," என்றார். "அதான் நல்லாருக்கு."

தண்ணீர்தான் பெரும்பாடு. நகராட்சித் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் இருந்த போர் தண்ணீர் உப்பு. தொட்டியை வாரத்துக்கு இரண்டு தடவையாவது கழுவாவிட்டால் நாற்றம் எடுக்கும். கழுவிய தண்ணீரை முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுவோம். "மனுசருக்கே குடிக்கத் தண்ணியில்ல, ஒங்க வீட்டு ஆமைக்கு நீச்சல்குளம்," என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். சொல்லிவிட்டு முருங்கைக்காய் பறித்துக்கொண்டு போவார்.

மூன்றாவது ஆமை வந்தது ஒரு கார்த்திகை மாதத்தில். எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் ஒரு புன்செயில் முள்ளைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தபோது, மண்ணோடு சேர்ந்து ஏதோ உருண்டு விழுந்திருக்கிறது. மதியச் சாப்பாடு கொண்டுபோன வயர் கூடையில், துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"கல்லுன்னு நெனச்சேன். பாத்தா கல்லு காலை நீட்டுது," என்றார்.

கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பிரிந்திருந்தன. பின்பக்கம் வலது ஓரத்தில் ஓடு பிளந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. அவர் சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "மெஷின் பக்கெட்டு பல்லு பட்ருச்சு," என்று இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப்போனோம். டாக்டர் எங்கள் மகளுக்கு அக்கா மாதிரி இருந்த இளம்பெண். கூடையைத் திறந்து பார்த்ததும் முதலில் எங்கள் முகத்தைத்தான் பார்த்தார்.

"இத வீட்ல வளக்கக் கூடாதுங்க. சட்டப்படி தப்பு."

"வளக்கலம்மா. ஒடைஞ்சுபோச்சு. சரிபண்ணிக் குடுத்தீகன்னா எடுத்த எடத்துல கொண்டுபோய் விட்ருவேன்," என்றார் அவர். பிறகு கொஞ்சம் தயங்கி, "சைக்கிள் டியூப்புக்குப் பஞ்சர் ஒட்டுற மாதிரி எதையாவது வச்சு ஒட்டிரலாமாம்மா?" என்று கேட்டார்.

டாக்டர் சிரித்துவிட்டார். ஒட்டக் கூடாது, உள்ளே சீழ் பிடித்தால் தெரியாமல் போய்விடும், காயம் அடியிலிருந்து தானாக மூடி வர வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார். அவரே வனத்துறைக்கு ஃபோன் செய்து விவரம் சொன்னார். காயம் ஆறும் வரை கட்டுப்போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும், ஆறியதும் தகவல் சொன்னால் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. மருந்துக்கடையில் இருப்பதால் கட்டுப்போடும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. உப்புத் தண்ணீரில் கழுவி, மருந்து தடவி, மெல்லிய துணி வைத்து ஒட்டுவேன். அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். கொலைக்களத்தில் நிற்பவர் மாதிரி இருக்கும்.

இது தண்ணீரில் இருக்கிற ஆமை அல்ல. அதற்காகத் தொட்டிக்கு அடுத்து இன்னொரு தடுப்புக் கட்டினார். மண் தரை, ஒரு ஓரத்தில் கவிழ்த்த பானையின் பாதி. வேலைக்குப் போகிற இடங்களிலிருந்து சப்பாத்திக்கள்ளி மடல் வெட்டிக்கொண்டு வந்து, அடுப்பில் முள்ளைப் பொசுக்கி, துண்டு போட்டுப் போடுவார். பூசணிப்பூ என்றால் அதற்கு உயிர். அந்தச் சமயத்தில் மகள் கோயம்புத்தூரில் கல்லூரி சேர்ந்திருந்தாள். வீடியோ காலில் அவளுக்கு எங்கள் முகத்தைவிட ஆமைகளின் முகத்தைத்தான் அதிகம் காட்டினார்.

பங்குனியில் ஒருநாள் முற்பகல், கடையில் ஒரு பெரியவருக்குப் பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஃபோன் வந்தது. தெரியாத நம்பர். நிலத்துக்காரர்.

"அம்மா, இங்கன மெஷின் ஓட்டுற அண்ணனுக்கு என்னமோ ஆயிருச்சும்மா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம். வந்திருங்க."

நான் ஃபோனை வைத்துவிட்டு, "காலையில ஒண்ணு, சாப்பிட்டுப் போடுங்கய்யா," என்று பெரியவரிடம் சொன்னேன். மாத்திரை அட்டையைக் கவரில் போட்டு நீட்டினேன். அதற்குப் பிறகுதான் கடை முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெரியவர் பின்னாளில் இதை எல்லோரிடமும் சொல்லி வியந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். வியக்க ஒன்றுமில்லை. எனக்கு அப்போது அந்த ஒரு வாக்கியம்தான் தெரிந்திருந்தது.

முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்த மெஷின் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு நின்றிருக்கிறது. பக்கெட் மேலே தூக்கியபடி. செல்ஃபோன் பார்க்கிறார் போல என்று நிலத்துக்காரர் நினைத்திருக்கிறார். கொஞ்சம் கழித்து டீ வாங்கிக்கொண்டு போய்க் கூப்பிட்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்றார்கள். ஹார்ட் அட்டாக். சட்டைப் பையில் நான்கைந்து பூசணிப்பூ கசங்கிக் கிடந்தது. அதையும் என் கையில் கொடுத்தார்கள்.

நான் அழவில்லை.

இதைப் பெருமையாகவோ வருத்தமாகவோ சொல்லவில்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்குள் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஒவ்வொருத்தராக வந்து என்னைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினார்கள். "அழுதிரு தாயி, உள்ளயே வச்சுக்கிடாத," என்றார்கள். மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கி என் மடியில் விழுந்து கதறினாள். அவள் தலையைத் தடவிக்கொண்டே, இவள் காலையில் சாப்பிட்டாளா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் உடம்புக்கும் எனக்கும் நடுவில் ஒரு கனமான துணியைத் தொங்கவிட்டது போல இருந்தது. சத்தங்கள் எல்லாம் அந்தப் பக்கம் கேட்டன.

எடுத்துப்போன மறுநாள் கொல்லைக்குப் போனேன். ஆமைகளுக்கு யாரும் எதுவும் போட்டிருக்கவில்லை. தொட்டித் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. பாத்திரம் விளக்குகிற கல்லின்மேல் உட்கார்ந்து பொன்னாங்கண்ணிக் கீரையை நறுக்க ஆரம்பித்தேன். காரியாபட்டியில் கட்டிக்கொடுத்திருந்த என் நாத்தனார், என் கணவரின் அக்கா, கை கழுவ வந்தவர் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன செய்ற நீ?"

"கீரை நறுக்குறேன் மதினி."

"எந்தம்பி போய்ச் சேந்துட்டான். நீ இதுகளுக்குக் கீரை நறுக்கிக்கிட்டு இருக்க?"

"பசிக்கும் மதினி."

அவ்வளவுதான் நான் சொன்னது. அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். இந்தச் சனியன்கள் வந்ததிலிருந்துதான் இந்த வீட்டுக்குக் கேடு பிடித்தது, இரண்டு போதாதென்று மூன்றாவதையும் கொண்டுவந்து வைத்தார்கள், தம்பியைக் கொண்டுபோய்விட்டது, இவள் அதற்குக் கீரை ஆய்கிறாள் என்று கூட்டத்தின் நடுவில் நின்று சொன்னார். யாரோ ஒரு மாமா, இன்றைக்கே கொண்டுபோய் எங்காவது போட்டுவிடலாம் என்று எழுந்தார். மகள் கொல்லைக் கதவை மறித்துக்கொண்டு நின்று கத்தினாள்.

"எங்கப்பா கட்டுனது. யாரும் தொடக் கூடாது!"

மாமா உட்கார்ந்துவிட்டார். நான் கீரையை நறுக்கி முடித்துப் போட்டேன். என்னைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கோபம் வந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் வர வேண்டிய கோபம் எப்படியிருக்கும் என்றுகூட எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் வரவில்லை. அத்தனை பேச்சிலும் மாமியார் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. மகனைக் கிடத்தியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

காரியம் முடிந்தது. மகளைக் கல்லூரிக்கு அனுப்பிவைத்தேன். எல்லோரும் கிளம்பிய பிறகு மாமியார் மட்டும் பையை எடுக்கவில்லை.

"நான் கொஞ்ச நாளு இங்கனயே இருக்கேன். ஊர்ல போய் என்ன செய்யப் போறேன்," என்றார்.

இருங்கள் என்றேன். அவர் முன்னறையில் படுத்துக்கொண்டார். கொல்லைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். துணி காயப்போட வேண்டுமென்றால்கூட மாடிக்கு ஏறிப் போவார். நான் மறுபடியும் கடைக்குப் போக ஆரம்பித்தேன். சமைத்தேன், போனேன், வந்தேன், ஆமைகளுக்குப் போட்டேன், படுத்தேன். தூக்கமும் வந்தது. தூக்கம் வருகிறதே என்று ஒரு நாளும் ஆச்சரியப்படவில்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா குழம்பு கேட்டு வாங்கிப்போனவர், உடனே கிண்ணத்தோடு திரும்பி வந்தார்.

"ஏம்மா, இதுல உப்பே இல்லையே?"

ருசி பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. அலமாரியில் பார்த்தால் உப்பு ஜாடி காலி. எப்போது தீர்ந்ததோ. நான் வாங்கவே இல்லை. மாமியாரைப் பார்த்தேன்.

"ஏன் அத்தை சொல்லல?"

"சொல்லி?" என்றார். "எனக்கும் அது பெருசாத் தெரியல."

சித்திரை வெயில் உச்சத்தில் இருந்த ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. சாவி வழக்கமான இடத்தில் இருந்தது. கொல்லைக்குப் போனேன். தொட்டியில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. நட்சத்திர ஆமை பானைக்குள் கிடந்தது. தண்ணீர் ஆமைகள் இரண்டையும் காணவில்லை. கவிழ்த்துப் போட்டிருக்கும் பெயிண்ட் வாளியும் இல்லை.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கையிலிருந்த தீவனத்தை மறுபடி டப்பாவில் கொட்டி மூடினேன். ஹாலோ பிளாக்கின் மேல் உட்கார்ந்தேன். போய்விட்டது, சரி என்றிருந்தது. மகளுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். அதுவும் ஒரு வேலை மாதிரிதான் தோன்றியது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமியார் வந்தார். புழுதி முழங்கால் வரை ஏறியிருந்தது. கையில் அந்த வாளி, அதன் வாயைப் பழைய சேலைத் துணியால் கட்டியிருந்தார். நடையில் இறக்கி வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். வாளிக்குள்ளிருந்து பிறாண்டுகிற சத்தம் கேட்டது.

நான் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடிக்கும் வரை நின்றேன்.

"எங்க போனீங்க அத்தை?"

"நம்மூருக் கம்மாய்ல விட்ருவோம்னு போனேன். கம்மா பூராம் வெடிச்சுக் கெடக்கு. ஆடு மேயுது." மூச்சு வாங்கினார். "பெறகு ஷேர் ஆட்டோ ஏறி அடுத்த ஊரு கம்மாய்க்குப் போனேன். அங்கன மடைக்கிட்ட மட்டும் கொஞ்சூண்டு சகதி. சுத்தி கொக்கு நிக்கிது. அதுக்குள்ள எப்படிப் போடுறது?"

"கிணறு?"

"நம்ம கெணத்துல தண்ணி பாதாளத்துல கெடக்கு. மேல நின்னு போட்டா ஓடு தெறிச்சிரும். எறங்கி விட ஆளு யாரு இருக்கா." சொம்பைத் தரையில் வைத்தார். "பஸ்ஸுல வாரப்ப ஒரு பொம்பள, வாளியில என்னன்னு கேட்டா. மீனுன்னு சொல்லிருவோம்னுதான் வாயத் தொறந்தேன். எம்மகன் வளத்ததுன்னு வந்துருச்சு."

"அவுக என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல. ஏன் கேட்டமோன்னு இருந்துச்சு போல. எந்திரிச்சு எனக்கு எடங்குடுத்தா."

வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். பின்னாலேயே அவரும் எழுந்து வந்தார். மகன் அந்தத் தொட்டியைக் கட்டி இத்தனை வருஷத்தில் அவர் அங்கே காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான். சரிவாக அடுக்கிய கற்களை, கம்பி வலையை, பச்சை நெட்டை, ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தண்ணிய மாத்திட்டு விடு. வெயில்ல சுட்டுப்போய்க் கெடக்கும்," என்றார்.

அதன்பிறகு அவருக்கு ஆமைகளைப் பிடித்துவிட்டது என்று சொன்னால் பொய். பிடிக்கவில்லை. "கல்லு மாதிரி கெடக்குதுக, ஒரு கோழி வளத்தாலும் முட்டை இடும்," என்பார். ஒருநாளும் கையால் தொட்டதில்லை. ஆனால் நகராட்சித் தண்ணீர் வந்தால், எல்லாக் குடமும் நிறைந்தபின் கடைசியாகக் குழாயைத் தொட்டிக்கு இழுத்துப் போட்டுவிடுவார். நட்சத்திர ஆமைக்குக் கட்டுப்போடும்போது அதைப் பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் நான் முழங்காலில் இடுக்கிக்கொண்டு திணறுவதைப் பார்த்து, ஒரு சாக்கை மடித்துக் கொடுத்தார். "இதுக்குள்ள வச்சு அமுக்கிப் பிடி," என்றார்.

ஆடி பிறந்தபோது அந்தக் காயம் ஆறிவிட்டிருந்தது. பிளந்த இடம் கெட்டியாகி, மங்கலான சாம்பல் நிறத்தில் ஒரு வடு மட்டும் இருந்தது. டாக்டரிடம் காட்டினேன். விரலால் தட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது, வனத்துறைக்குச் சொல்லிவிடலாம் என்றார். பிறகு, "சார் வரலையா?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இறந்துவிட்டார் என்றேன். அந்தப் பெண்ணின் கண் சட்டென்று கலங்கிவிட்டது. "பரவால்ல டாக்டர்," என்று நான்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

வனத்துறையிலிருந்து இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். மூத்தவர் நட்சத்திர ஆமையைத் திருப்பிப் பார்த்து எடை போட்டார். பிறகு தொட்டியைப் பார்த்தார். அதற்குள் அந்த இரண்டும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தன.

"இது வெளிநாட்டு ஆமைம்மா. இதுக்கும் ஆன்லைன்ல பதிஞ்சு வைக்கணும், பதிஞ்சிருங்க. தப்பித்தவறிக்கூடக் கம்மாயில, கெணத்துல விட்ராதீக. நம்ம மீனு, தவளை, ஆமை எல்லாத்தையும் காலி பண்ணிரும்."

"நாங்க எதுக்குய்யா விடப் போறோம்," என்றார் மாமியார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சிரிப்பு வரவேண்டிய இடம் அது. உதடு கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது.

ஆமையைப் பெட்டியில் வைத்து ஜீப்பில் ஏற்றினார்கள். எங்கே விடுவீர்கள் என்று கேட்டேன். பாறைக் கரட்டுப் பக்கம் முள்ளுக்காடு ஒன்று இருக்கிறது, ஏற்கெனவே இதே வகை இருக்கிற இடம், இன்றைக்கே விட்டுவிடலாம் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார் என்றார்கள். நானும் வரலாமா என்று கேட்டது எனக்கே எதிர்பாராததாக இருந்தது. மூத்தவர் யோசித்தார்.

"கூட்டிட்டுப் போங்கய்யா. அவ புருசன் கொண்டாந்தது," என்றார் மாமியார்.

ரோட்டை விட்டு இறங்கி வண்டித்தடத்தில் கொஞ்ச தூரம் போய் ஜீப் நின்றது. அதற்கு மேல் நடந்தோம். காய்ந்த புல், பாறை, இடையிடையே சப்பாத்திக்கள்ளிப் புதர். மூத்தவர் ஒரு புதரடியில் நிழல் பார்த்து ஆமையை இறக்கி வைத்தார். அது தலையையும் காலையும் உள்ளிழுத்துக்கொண்டு கிடந்தது. நாங்கள் தள்ளிப்போய் நின்றோம். காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. சின்னவர் செல்ஃபோனை எடுத்துப் படம் பிடிக்கக் காத்திருந்தவர், அலுத்துப்போய்ப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதன்பிறகுதான் அது தலையை நீட்டியது. இப்படியும் அப்படியும் பார்த்தது. புல்லை மிதித்துக்கொண்டு, வடு இருக்கிற பின்பக்கம் எங்களுக்குத் தெரிய, நேராக நடந்துபோனது. நாங்கள் நினைத்ததைவிட வேகமாகவே போனது. புதர் முடிகிற இடத்தில் மறைந்துவிட்டது.

இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று நான் இரண்டடி முன்னால் வைத்தேன். சீமைக்கருவேல் முள் ஒன்று ரப்பர் செருப்பைத் துளைத்து, குதிகாலுக்குள் ஆழமாக இறங்கியது.

"அம்மா!" என்று கத்திவிட்டேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வலி முழங்கால் வரைக்கும் சுண்டி இழுத்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. முள்ளுக்காகத்தான். சின்னவர் ஓடிவந்து செருப்பைப் பிடித்து இழுத்தார். முள் பாதியில் ஒடிந்து மீதி உள்ளேயே நின்றுவிட்டது. மூத்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "வருத்தப்படாதீகம்மா, அது நல்லாப் பொழைச்சுக்கிரும்," என்றார். நான் ஆமைக்காக அழுகிறேன் என்று நினைத்துவிட்டார். இல்லை, முள் வலிக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டிருந்ததால் சொல்ல முடியவில்லை.

வீட்டில் மாமியார் என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, ஊசியைத் தீயில் காட்டி, முள்ளை நோண்டி எடுத்தார்.

"வலிக்குதா?"

"வலிக்குது அத்தை."

"எடுத்தாச்சு, இரு. இந்த மட்டுக்கும் வலி தெரியுதே." எடுத்த முள்ளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சன்னல் வழியே எறிந்தார். பிறகு ஆமை எப்படிப் போனது என்று கேட்டார். சொன்னேன். எந்தப் பக்கம் பார்த்துப் போனது, தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதா, ஆடு மாடு மிதிக்காதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

அந்தக் கால் வீங்கி, சில நாள் நொண்டிக்கொண்டுதான் கடைக்குப் போனேன். அதற்குப் பிறகும் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. அழுகை மறுபடி வரவில்லை. சில நாட்கள் ஏதோ கொஞ்சம் தெரியும். பஸ் ஸ்டாண்டில் சோளக்கதிர் சுடும் வாசனையோ, யாரோ ஒருவர் சத்தமாகப் பேசுவதோ. பிறகு அதுவும் போய்விடும். மகள் ஃபோன் செய்யும்போது, "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்பாள். இருக்கிறேன் என்பேன். இருவரும் அதற்கு மேல் தோண்டுவதில்லை. இரண்டு ஆமைகளையும் பதிகிற வேலையை அவள்தான் கோயம்புத்தூரிலிருந்தே செய்து முடித்தாள்.

புரட்டாசியில் முதல் மழை விழுந்ததும் மாமியார் ஊருக்குக் கிளம்பினார். நிலத்தைத் தரிசாகப் போட முடியாது, கம்பாவது விதைக்க வேண்டும் என்றார். பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். சன்னலோரம் உட்கார்ந்து, கம்பிக்குள் கையை விட்டு என் தோளைத் தட்டினார்.

"களையெடுக்க ஆளு கெடைக்க மாட்டேங்குது. லீவு போட்டுட்டு ரெண்டு நாளு வா."

"வாரேன் அத்தை."

"வர்றதுக்கு முன்னால அதுகளுக்குத் தண்ணி நெரப்பி வச்சிட்டு வா," என்றார். பஸ் கிளம்பிவிட்டது.